படி வெட்டியவருக்கு முதல் நன்றி

வேல்ஸ் நாட்டில் நியூகேல் கடற்கரையிலிருந்து சோல்வா என்ற ஊர் வரை போகும் கடலோரப் பாதையில், அந்த மழை நாளில் எங்களைக் கைவிடாத எல்லோருக்கும் வணக்கம்.

"முதல்ல அந்தப் படி வெட்டுன ஆளுக்கு எழுது. தூக்கிட்டு வந்தவங்களுக்கு அப்புறம் எழுதலாம்."

கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு அப்பா சொன்ன வரிசை இது. உயிரைக் காப்பாற்றியவர்களை இரண்டாவதாகப் போடுவதா என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. ஏன் அசையவில்லை என்பது போகப் போக விளங்கும். இந்த மடல் அவர் சொன்ன வரிசையிலேயே போகிறது.

உங்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. முகவரி கிடைத்தவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதிவிட்டேன். ஆனால் அப்பாவின் நன்றி தமிழில்தான் இருக்கிறது. அதை அவர் சொன்ன மொழியிலேயே எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அன்று உடன் வந்த மூன்று குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்கள்தான். இனி இந்தப் பாதைக்கு வரப்போகிற நம்மவர்களும் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும்.

அப்பா நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளராகச் சேர்ந்து, சாலை ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். எங்கே கூட்டிப் போனாலும் அவர் கண் முதலில் தரைக்குத்தான் போகும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, அதற்கு யாராவது வழி விட்டிருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் நிமிர்ந்து கடலையோ மலையையோ பார்ப்பார்.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை அது. கார்களைச் சோல்வாவில் விட்டுவிட்டுப் பேருந்தில் நியூகேல் போய், அங்கிருந்து சுமார் 5 மைல் நடந்தே திரும்புவதாக ஏற்பாடு. மழை பிற்பகலில்தான் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. நாங்கள் பேருந்திலிருந்து இறங்கும்போதே பிடித்துக்கொண்டது. குழந்தைகளை வைத்திருந்த இரண்டு குடும்பங்கள் அடுத்த பேருந்திலேயே திரும்பிவிட்டன. நானும் போய்விடலாம் என்றுதான் சொன்னேன். அப்பா மழைக்கோட்டின் தலைமூடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, "மழையில பாத்தாதான் ரோடு எப்படின்னு தெரியும்" என்றார். அவர் வேலையிலிருந்த காலமெல்லாம் மழை கொட்டும்போதுதான் வண்டியை எடுத்துக்கொண்டு சாலையைப் பார்க்கக் கிளம்புவார். அந்தப் பழக்கத்துக்கு மறுப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நியூகேல் கரையில் நீளமாக ஒரு கூழாங்கல் மேடு உண்டு. 1859 அக்டோபரில் அடித்த பெரும்புயலில் கடல் வாரிக் கொட்டியது அது என்பார்கள். அப்பா அதன் மேல் ஏறி நின்று, இத்தனை கல்லுக்கு எத்தனை லாரி லோடு ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். அதற்கப்புறம் ஏற்றம் தொடங்கியது.

இனி அவர் முதல் நன்றிக்கு வருகிறேன்.

அந்த ஏற்றத்தில் மண் படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் முன்விளிம்பில் ஒரு மரக்கட்டை, அதை நிறுத்த இருபுறமும் முளை, பின்னால் கல்லும் மண்ணும் போட்டு இடித்த நிரவல். நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது அப்பா பாதியில் உட்கார்ந்துவிட்டார். களைப்பாக்கும் என்று பதறித் திரும்பினால், அவர் ஒரு கட்டையின் பின்புறம் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மழை அடித்துப் பெய்கிறது, ஆனால் படியில் ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கவில்லை. தண்ணீர் வடிய ஒவ்வொரு படிக்கும் லேசாக வாட்டம் வைத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு படிக்கு ஒருமுறை பாதைக்குக் குறுக்கே கல் பதித்த ஒரு சிறு வாய்க்கால். மேலேயிருந்து இறங்கி வரும் தண்ணீர் அதில் விழுந்து, பக்கத்துப் பெரணிப் புதருக்குள் போய் மறைந்தது. வாய்க்காலின் வாயில் ஓர் இலை கிடையாது. மண்வெட்டியால் வழித்த தடம் பக்கவாட்டு மண்ணில் பட்டையாகத் தெரிந்தது. அந்தத் தடத்தின் மேல் ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை.

"போன வாரம் வழிச்சிருக்கான். மழை வரும்னு தெரிஞ்சு வந்து வழிச்சிட்டுப் போயிருக்கான்" என்றார் அப்பா. உடன் வேலை பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிற குரல் அது.

வீட்டுக்கு வந்தபின் அவருக்காகத் தேடிப் படித்துச் சொன்னேன். பெம்புரோக்‌ஷயர் கடலோரப் பாதை 186 மைல் நீளம், வடக்கே செயின்ட் டாக்மெல்ஸ் முதல் தெற்கே அம்ராத் வரை. ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 35,000 அடி வருமாம், எவரெஸ்ட்டின் உயரத்தைவிட அதிகம். ரொனால்ட் லாக்லி என்ற இயற்கை ஆய்வாளர் 1950களின் தொடக்கத்தில் இதற்கான வழியை ஆராய்ந்து சொன்னார். பாதை திறக்கப்பட்டது 1970இல். இடையில் 100க்கும் மேற்பட்ட நடைபாலங்கள் போட்டார்கள், ஆயிரக்கணக்கான படிகள் வெட்டினார்கள். பின்னர் 2012இல் வேல்ஸின் கரை முழுவதையும் இணைத்து 870 மைலுக்குப் பாதை வந்தபோது இதுவும் அதில் ஒரு பகுதியாகிவிட்டது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "இப்ப மராமத்து யாரு?"

தேசியப் பூங்கா ஆணையத்தின் ஊழியர்கள் என்றேன். அவர்களோடு தன்னார்வலர்களும் வந்து வேலை செய்கிறார்கள் என்றேன். சம்பளம் வாங்காமல் வாய்க்கால் வழிக்க ஆள் வருகிறதா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். உங்கள் யாருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது. அந்தப் படியை வெட்டியவரே, கட்டைக்கு முளை அடித்தவரே, அந்த வாய்க்காலை வழித்துவிட்டுப் போனவரே, உங்களுக்கு அப்பாவின் கும்பிடு.

அடுத்து ஒரு வேலிக்கம்பத்தை நட்டவருக்கு.

மேலே ஏறியதும் கடலிலிருந்து பனிமூட்டம் வந்து மூடிக்கொண்டது. பத்தடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. கீழே அலை பாறையில் மோதுகிற சத்தம் மட்டும் எல்லாப் பக்கமிருந்தும் கேட்டது. நாங்கள் கால் தடத்தை மட்டும் பார்த்து நடந்துகொண்டிருந்தபோது, பாதை சட்டென்று நிலப்பக்கம் வளைந்தது. வளைவில் ஒரு புதுக் கம்பம், பாதையின் ஓக் கொட்டைச் சின்னத்தோடு. அதன் அடியில் அறுத்த மரத்தூள் மழையில் ஊறிக் கிடந்தது. பழைய தடம் வளையாமல் நேராகப் போயிருந்தது. வேலிக்கு இப்பால் நின்று எட்டிப் பார்த்தோம். ஏழெட்டு அடிக்கு மேல் அந்தத் தடம் இல்லை. புல்வேர் மட்டும் விளிம்பில் கயிறு கயிறாகத் தொங்கியது.

மழைத்தண்ணீர் விரிசலில் இறங்கி மண்ணைக் கனக்க வைக்கும், அடியில் அலை அரித்துக்கொண்டே இருக்கும், மேலே பார்த்தால் புல் பச்சையாகத்தான் தெரியும் என்று அப்பா விளக்கினார். அந்தக் கம்பம் இல்லாவிட்டால் அந்த மூட்டத்தில் நாங்கள் நேராகத்தான் போயிருப்போம். எங்களுக்கு முன்னே எத்தனை பேர் அந்தக் கம்பத்தால் திரும்பி நடந்தார்களோ. நட்டவருக்கு நன்றி. வேலியை உள்ளே தள்ளிப் போடத் தன் மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தை விட்டுக்கொடுத்த நிலக்காரருக்கும் நன்றி.

பனிமூட்டம் கொஞ்சம் விலகிய இடத்தில், உதட்டில் விரலை வைத்து எங்களை நிறுத்திய வயதான தம்பதிக்கு ஒரு வார்த்தை. கீழே ஆள் இறங்க முடியாத சின்னக் குடாவில், ஈரக் கற்களுக்கு நடுவே, வெள்ளை ரோமத்தோடு ஒரு கடல்நாய்க் குட்டி கிடந்தது. ஆள் அரவம் கேட்டால் தாய் வெருண்டு கடலுக்குப் போய்விடும், குட்டிக்குப் பால் இல்லாமல் போகும் என்று காதருகே சொன்னீர்கள். மூன்று வாரம்தான் தாய் பால் கொடுக்கும், அதற்குள் குட்டி தேற வேண்டும் என்றும் சொன்னீர்கள். இரண்டு பேரும் அந்த மழையில் நின்று, வருகிறவர்களையெல்லாம் விளிம்பிலிருந்து விலக்கி அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். அப்பா அதற்கப்புறம் அரை மைல் வரை குரலைத் தாழ்த்தியே பேசினார்.

இரண்டரை மணி இருக்கும். ஓர் இறக்கத்துப் படிகளை முழுக்க இறங்கி, கீழே சமமாக இருந்த புல்தரையில் கால் வைத்தார். அங்கேதான் வழுக்கியது. இடது கால் உள்பக்கமாக மடங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போனது. எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. என் போனில் சிக்னல் இல்லை, உடன் வந்த தம்பதியின் போனிலும் இல்லை. நனைந்த தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்தேன்.

அப்போது வந்தீர்கள், நீல மழைக்கோட்டு அக்கா, ஈரத்தில் சொட்டச் சொட்ட நனைந்த உங்கள் நாயோடு. என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன்பே முதுகுப்பையைக் கழற்றி, ஒரு பாயை உருவி அப்பாவுக்கு அடியில் தள்ளினீர்கள். காற்றைவிட ஈரத்தரைதான் உடம்புச் சூட்டை வேகமாக உறிஞ்சும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய துணிப்பொதி. அதை எல்லோர் தலைக்கும் மேலே விரித்து, ஓரத்தை ஆளுக்கொரு பக்கம் அடியில் போட்டு உட்காரச் சொன்னீர்கள். ஒரு நிமிடத்தில் காற்றின் ஓலம் அடங்கியது. நாங்கள் நான்கு பேரும் ஒரு நாயும் விட்ட மூச்சிலேயே உள்ளே கதகதப்பு ஏறியது. அப்பா மழைக்கோட்டுக்குள் போட்டிருந்தது பருத்திச் சட்டை. நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டையெல்லாம் இழுத்துவிடும் என்று சொல்லி அதைக் கழற்ற வைத்து, உங்கள் கம்பளிச் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டீர்கள். உங்கள் தொப்பியும் அவர் தலைக்குப் போயிற்று.

அவருக்கு நடுக்கம் கண்டிருந்தது. நடுங்குவது நல்லது, நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால்தான் பயப்பட வேண்டும், அதனால் அவரைப் பேச வைத்துக்கொண்டே இரு என்றீர்கள். உடம்புச் சூடு 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிவிட்டால் ஆபத்து என்பதை நீங்கள் சொன்ன விதத்தில் பயமுறுத்தல் இல்லை. நான் செய்ய வேண்டிய வேலையாகத்தான் அது என் காதில் விழுந்தது.

அந்த நேரத்தில் நடந்த ஒன்றை எழுதாமல் விட முடியாது. வலி கூடி அப்பாவுக்கு மூச்சு தாறுமாறாக ஏறி இறங்கியது. நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அராவ்... அராவ்..." என்றீர்கள். வேல்ஸ் மொழியில் 'மெதுவாக' என்று பொருள். அந்த மொழியில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். வேல்ஸில் எந்தச் சாலையில் போனாலும் வளைவுக்கு முன்னால் தரையில் பெரிய வெள்ளை எழுத்தில் அதை எழுதியிருப்பார்கள். வந்த முதல் நாளே, காரில் உட்கார்ந்தபடி, என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். நீங்கள் சொன்னதும் அவர் கண் திறந்து உங்களைப் பார்த்து, "ரோட்டுல எழுதியிருக்கே, அது" என்று தமிழிலேயே சொன்னார். பிறகு அவரும் "அராவ்" என்று சொல்லி மூச்சை மெதுவாக விட்டார். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நீங்கள் இருவரும் ஐந்து நிமிடம் போல அந்த ஒரு வார்த்தையை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடிய இரண்டு இளைஞர்களே, உங்கள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. அவசர எண் 999ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் என்று சொல்லாமல் கடலோர மீட்புச் சேவையான கோஸ்ட்கார்டைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. இங்கே பாறை விளிம்பிலோ கரையிலோ விபத்து என்றால் அவர்களைத்தான் கேட்க வேண்டும். இடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை மேட்டிலேயே நின்று விளக்கை ஆட்டி வழி காட்டினீர்கள். நாங்கள் நன்றி சொல்வதற்குள் கிளம்பியும் போய்விட்டீர்கள்.

இப்போது கோஸ்ட்கார்ட் மீட்புக் குழுவினருக்கு. நாங்கள் உங்களைச் சீருடை அணிந்த முழுநேரப் பணியாளர்கள் என்றே நினைத்திருந்தோம். ஸ்ட்ரெச்சரில் அப்பாவைக் கட்டும்போது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, ஒருவர் மின்பணியாளர், ஒருவர் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறவர், அழைப்பு வந்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று. 1822இல் தொடங்கிய இந்தச் சேவையின் மீட்புக் குழுக்களில் நாடு முழுக்க ஏறத்தாழ 3,500 தன்னார்வலர்கள் இருக்கிறார்களாம். அந்தச் சனிக்கிழமை எங்களுக்காக வந்தது அதில் ஆறு பேர். காலுக்கு அணை கட்டி, கூடை போன்ற அந்த ஸ்ட்ரெச்சரில் போர்த்திக் கட்டி, ஆறு பேராகத் தூக்கினீர்கள்.

தூக்கியது எந்த வழியே? நாங்கள் இறங்கி வந்த அதே படிகளின் வழியேதான். மேலே வயல்வெளியில் வண்டி நின்றது, அதற்குப் போக வேறு பாதை கிடையாது. மழையில், இருட்டிக்கொண்டு வரும்போது, முன்னால் பிடித்தவர்கள் பின்பக்கமாகவே காலால் படியைத் தடவித் தடவி ஏறினார்கள். "ஸ்டெப்... ஸ்டெப்..." என்று ஒருவர் எண்ணிக்கொண்டே வந்தார். ஒரு படிகூட ஏமாற்றவில்லை. ஒரு கட்டைகூட ஆடவில்லை. அப்பா மல்லாந்து படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

"என்னத் தூக்குன ஆறு பேருக்கும் கால் ஊன இடம் கொடுத்தது யாரு? அத வெட்டி வெச்சவன்தானே? அவனுக்கு முதல்ல எழுது" என்று அவர் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். மீட்புக் குழுவினர் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்களில் ஒருவர் மேலே வந்ததும் அந்தப் படிகளைத் திரும்பிப் பார்த்து, "நல்ல வேலை" என்று சொன்னதை நானும் கேட்டேன்.

கேட்டைத் திறந்து, மாடுகளை ஒரு பக்கம் ஒதுக்கி, சேறான வயலில் வண்டி வர வழி விட்ட விவசாயிக்கும், வண்டி புதைந்துவிடாமல் டிராக்டரை முன்னால் விட்டு இழுத்துக்கொண்டு போன அவர் மகனுக்கும் எங்கள் வணக்கம். உங்கள் வயலில் நாங்கள் உண்டாக்கிய சக்கரத் தடத்தை நினைத்து அப்பாவுக்கு இன்னும் வருத்தம்.

நம்மவர்களுக்குத் தனியாக நன்றி சொன்னால் திட்டுவீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். எங்களை விட்டு நகராமல் கூடவே இருந்த தம்பிக்கும் அவர் மனைவிக்கும், மருத்துவமனையில் நள்ளிரவு தாண்டியும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும், சோல்வா துறைமுகத்தில் காருக்குள் நான்கு மணி நேரம் குழந்தைகளை வைத்துக்கொண்டு காத்திருந்த அண்ணனுக்கும். எலும்பில் மெல்லிய விரிசல்தான், ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சோல்வாவை அப்பா பார்க்கவே இல்லை. வற்று நேரத்தில் தண்ணீர் முழுக்க வடிந்து படகுகள் சேற்றில் சாய்ந்து நிற்பதையும், துறைமுகத்தின் எதிர்க்கரையில் வரிசையாக நிற்கும் பழைய சுண்ணாம்புக் காளவாய்களையும் படத்தில்தான் காட்டினேன். காளவாயைப் பார்த்ததும் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, வாய் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று நெடுநேரம் பார்த்தார். கால் சரியானதும் மறுபடியும் போக வேண்டுமாம். அதற்கு முன் ஒரு நாள், பாதை வேலைக்கு வரும் தன்னார்வலர்களோடு மண்வெட்டி பிடிக்கத் தன்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். பூங்கா அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். குனிந்து வேலை செய்ய முடியாவிட்டாலும் வாட்டம் பார்த்துச் சொல்வேன் என்று அதில் சேர்த்து எழுதச் சொன்னார், அதையும் எழுதினேன்.

நீல மழைக்கோட்டு அக்கா, ஸ்ட்ரெச்சரோடு கட்டிய அவசரத்தில் உங்கள் பாயும் கம்பளிச் சட்டையும் தொப்பியும் எங்களோடு வந்துவிட்டன. உங்கள் பெயரையோ எண்ணையோ அந்தக் களேபரத்தில் கேட்டு வாங்கவில்லை. சட்டையை வெந்நீர் படாமல் கையால் துவைத்துத் தரையில் விரித்துக் காயவைத்தேன், சுருங்கவில்லை. பாயில் ஒட்டியிருந்த சேற்றை அப்பாவே உட்கார்ந்து துடைத்தார். நவம்பர் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நடைபாலத்தைத் தாண்டி அந்தக் காளவாய்களுக்குப் பக்கத்தில், மூன்றையும் எடுத்துக்கொண்டு காத்திருப்பேன். உங்களைத் தெரிந்தவர் யாராவது இதைப் படித்தால், நாயையும் கூட்டி வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அப்பாவும் மகளும்